23 மின்னஞ்சல், ஒரு பதிலும் இல்லை: வைத்தியசாலையில் பயிற்சி இடம் தேடும் மாணவிக்கு

எங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதியவர் 33 வயதுப் பெண். பெயரும் இடமும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் நான்கு வருடம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கலியாணம் முடித்து லண்டன் வந்து ஆறு வருடமாகிறது. நிரந்தர வதிவிட உரிமையும் கிடைத்துவிட்டது. இரண்டு பிள்ளைகள். போன மாரியில் மூன்று வயது மகனுக்கு மூச்சு முட்டு வந்து ஐந்து நாள் வார்டில் கிடந்தான். கையில் மருந்து ஏற்றும் குழாயான கனூலா போடவிடாமல் அவன் கத்தியபோது ஒரு பெண் வந்து, முதலில் கரடிப் பொம்மையின் கையில் குழாயை ஒட்டி, 'கரடிக்கு மருந்து நீ குடு' என்று விளையாட்டாக்கி அவனை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார். அந்த வேலைதான் தனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்த இந்த அம்மா, செப்டம்பரில் கொலிஜில் மூன்றாம் நிலைக் குழந்தைப் பராமரிப்பு டிப்ளோமாவில் சேர்ந்துவிட்டார்.

படிப்பை முடிக்க 350 மணித்தியாலம் வேலையிடப் பயிற்சி வேண்டும். இடத்தை மாணவர்களே தேட வேண்டும் என்று கொலிஜ் சொல்லிவிட்டது. லண்டனிலுள்ள வைத்தியசாலைகளின் குழந்தைகள் வார்டுகளுக்கு 23 மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பதில் இல்லை. 'என்ரை பெயரைப் பார்த்தே ஒதுக்குகினமோ?' என்று கேட்கிறார். வீட்டுக்குப் பக்கத்து நேர்சரி இடம் தரத் தயாராக இருந்தும், 'சம்பளமில்லாமல் நாள் முழுக்க நப்பி மாத்த விடுவினம்' என்று சிநேகிதி சொன்னதால் போகவில்லை. இதற்கிடையில் தெரிந்த ஒருவர், 650 பவுண் தந்தால் வைத்தியசாலையில் இடமும் சான்றிதழும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். வைத்தியசாலைப் பயிற்சி இல்லாமல் பிறகு குழந்தைகள் நேர்ஸாகப் படிக்க முடியாது என்பதும் அவருடைய பயம். கடிதத்தின் அடியில் ஒரு சின்னக் கேள்வியும் இருக்கிறது: மகனின் பழைய பொம்மைகளை அந்த வார்டுக்குக் கொடுக்கலாமா?

அன்புத் தங்கைக்கு,

நான் குழந்தைகள் வார்டில் விளையாட்டு நிபுணராக, அதாவது உங்கள் மகனிடம் வந்த அந்தப் பெண்ணின் வேலையில், பதினாறு வருடம் இருந்தவள். இப்போது வளர்ந்தவர்கள் படிக்கும் கொலிஜ் ஒன்றில் மாணவர்களுக்குப் பயிற்சி இடம் ஒழுங்குபடுத்துகிறேன். அதனால் உங்கள் 23 மின்னஞ்சல்களும் எங்கே போய் விழுந்திருக்கும் என்று எனக்கு வடிவாகத் தெரியும்.

வார்டின் காலை எட்டு மணியை யோசித்துப் பாருங்கள். இரவு நேர்ஸ்மார் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டு நிற்பார்கள். சத்திரசிகிச்சைக்காக வெறும் வயிற்றில் வைத்திருக்கும் பிள்ளை பசியில் அழும். டொக்டர்மார் கட்டில் கட்டிலாக வருவார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்ட பிள்ளையின் அப்பா, மருந்து இன்னும் வரவில்லை என்று மேசையடியில் நிற்பார். வார்ட் சிஸ்டர் தன் மின்னஞ்சலைத் திறக்கும்போது மத்தியானம் தாண்டியிருக்கும். அதில் 'நான் ஒரு குழந்தைப் பராமரிப்பு மாணவி' என்று தொடங்கும் கடிதத்துக்கு அவர் என்ன செய்ய முடியும்? இடம் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. பல்கலைக்கழகங்கள் அனுப்பும் நேர்சிங் மாணவர்களுக்கே மேற்பார்வைக்கு ஆள் போதாமல் அவர் அட்டவணையை இழுத்துப் பறித்துக்கொண்டிருப்பார்.

ஆகவே பெயர் விஷயத்தில் உடனே அந்த முடிவுக்குப் போகாதீர்கள். பாகுபாடு இந்த நாட்டில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது. வேலையிடப் பயிற்சிக்கும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஒருவர் உங்களைப் பார்த்துவிட்டோ கதைத்துவிட்டோ காரணமில்லாமல் மறுத்தால் அதைத் திகதியோடு எழுதி வைத்து கொலிஜிடம் கொண்டுபோங்கள். ஆனால் இந்த 23லும் நடந்தது வேறு: கடிதம் ஆள் மாறிப் போயிருக்கிறது.

வார்டு உங்கள் 350 மணித்தியாலத்துக்குப் பொருந்துமா?

இதைக் கேட்காமலே எல்லாரும் வார்டைத் தேடி ஓடுகிறார்கள். உங்கள் டிப்ளோமா பிறப்பிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளின் வளர்ச்சியைப் பற்றியது. ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்து, பல கிழமைகள் கவனித்து, அடுத்து அது எதைப் பழக வேண்டும் என்று திட்டமிட்டு, செய்து பார்த்து, திரும்பவும் எழுத வேண்டும். உங்களை மதிப்பிடுபவர் வந்து நீங்கள் பிள்ளைகளோடு வேலை செய்வதை நேரில் பார்க்க வேண்டும்.

வார்டில் இது எப்படி நடக்கும்? திங்கட்கிழமை நீங்கள் குறிப்பெழுதத் தொடங்கிய பிள்ளை செவ்வாய் வீட்டுக்குப் போய்விடும். நல்ல விஷயம்தான், உங்கள் கோப்புக்குத்தான் நல்லதில்லை. நீண்ட நாள் இருக்கும் பிள்ளையோ கடும் வருத்தத்தில் இருக்கும். அந்தப் பெற்றோரிடம் போய் 'என் பாடத்துக்காக உங்கள் பிள்ளையைக் கவனித்து எழுதட்டுமா?' என்று கேட்க நான் ஒரு மாணவியையும் விடமாட்டேன். வருத்தத்தில் இருக்கும் பிள்ளை தன் வயதுக்குரிய மாதிரி நடப்பதுமில்லை. மூன்று வயதில் வடிவாகக் கதைத்த பிள்ளை வார்டில் வந்து போத்தலும் கேட்டு, நப்பியும் கேட்கும். சாதாரண வளர்ச்சி எது என்று கையில் பிடிபட்ட பிறகுதான் அந்தப் பின்னடைவு உங்களுக்கு விளங்கும். உங்கள் மகனைச் சமாளித்த அந்தப் பெண்ணும் அநேகமாக முதலில் பல வருடம் ஒரு நேர்சரித் தரையில் இருந்து எழும்பியவராகத்தான் இருப்பார்.

ஆகவே முதல் வேலை, உங்கள் விரிவுரையாளருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல்: 'என் 350 மணித்தியாலத்தில் எவ்வளவு பதிவு செய்யப்பட்ட நேர்சரியில் இருக்க வேண்டும்? எத்தனை மணித்தியாலத்தை வைத்தியசாலையில் செய்யலாம்? எந்த வயதுப் பிரிவுகள் கட்டாயம்?' பதில் எழுத்தில் வேண்டும். வாயால் சொன்னதை நம்பி 60 மணித்தியாலம் செய்துவிட்டு, பிறகு அது சேராது என்று கேள்விப்பட்ட மாணவிகளை நான் கண்டிருக்கிறேன்.

வேறு கதவுகள்

வைத்தியசாலை என்றவுடன் உங்களுக்குக் கட்டிலும் கனூலாவும்தான் கண்ணில் நிற்கின்றன. மகனோடு ஐந்து நாள் இருந்த தாய்க்கு அது இயல்பு. ஆனால் பல பெரிய வைத்தியசாலை வளாகங்களில், வாகனத் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஒரு மூலையில், ஊழியர்களின் பிள்ளைகளுக்கான நேர்சரி ஒன்று இருக்கும். காலை ஏழு, ஏழரைக்கே திறந்துவிடுவார்கள், ஏனென்றால் நேர்ஸ் அம்மா வேலை தொடங்க வேண்டும். மற்ற நேர்சரிகளைப் போல, அரச பரிசோதனை அமைப்பான ஒஃப்ஸ்டெட் பார்வையிடும் இடம். அதே சட்டம், ஒரு பராமரிப்பாளருக்கு இத்தனை பிள்ளை என்ற அதே விகிதம். உங்கள் மணித்தியாலங்கள் ஒரு சிக்கலுமில்லாமல் சேரும். வளாகத்துக்குள் இருப்பதால் தொற்றுத் தடுப்பு நடைமுறை பழகும், ஆட்கள் அறிமுகமாவார்கள். நான் முதலில் தேடச் சொல்வது இதைத்தான். வார்டுக்கு எழுதாமல், நேர்சரி மனேஜருக்கே எழுதுங்கள்.

அது கிடைக்காவிட்டால் பக்கத்து நேர்சரிக்குத் திரும்பிப் போய்க் கேளுங்கள். சிநேகிதி சொன்னதில் பாதி சரி. பாடத்திட்டத்தின் பகுதியாக வரும் ஒரு வருடத்துக்கு மேற்படாத பயிற்சிக்கு ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் பொருந்தாது. சம்பளம் கேட்க முடியாது. நப்பியும் மாற்றத்தான் வேண்டும், அதுவும் பாடம்தான். நப்பி மாற்றும் மேசையில் ஒரு பிள்ளையோடு இரண்டு நிமிடம் முகம் பார்த்துக் கதைப்பதைப் போல மொழி வளர்க்கும் நேரம் அந்த நாளில் குறைவு. ஆனால் உங்களை மலிவு ஊழியராகப் பாவிக்கிறார்களா என்று பார்க்க ஒரு கேள்வி இருக்கிறது: 'என்னை விகிதத்தில் எண்ணுவீர்களா?' இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் குறைந்த மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர், இரண்டு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். நீண்டகாலப் பயிற்சி மாணவரை, தகுதியும் பொறுப்பும் உள்ளவர் என்று நம்பினால், அதில் எண்ணலாம் என்று விதி சொல்கிறது. குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்றிதழும் இருக்க வேண்டும். முதல் கிழமையிலேயே எண்ணப் போகிறோம் என்று ஒரு நேர்சரி சொன்னால் எனக்கு அது பிடிக்காது.

வார்டை முழுக்க மறந்துவிடச் சொல்லவில்லை. அதைப் படிப்புக் கணக்கிலிருந்து பிரித்தெடுங்கள். அநேகமாக ஒவ்வொரு என்.எச்.எஸ். ட்ரஸ்டிலும், அதாவது அரச வைத்தியசாலைகளை நடத்தும் அமைப்பிலும், தொண்டர் சேவைப் பிரிவு இருக்கிறது. வேலை அனுபவத்துக்குத் தனியாக ஒரு கல்விப் பிரிவு இருக்கும். வார்டில் பிள்ளைகளோடு விளையாடும் தொண்டர்களைச் சேர்ப்பது தொண்டர் சேவைப் பிரிவுதான். கிழமைக்கு ஒரு பின்னேரம், இரண்டு மூன்று மணித்தியாலம், ஆறு மாதமாவது தொடர்ந்து வருவேன் என்ற வாக்கு. பெரும்பாலும் இவ்வளவுதான் கேட்பார்கள். விண்ணப்பம் போட்டு உள்ளே போக இரண்டு மூன்று மாதம் ஆகலாம், அதனால் இப்போதே போடுங்கள். ரேடியோ லொலிபொப் என்ற தொண்டு அமைப்பையும் பாருங்கள். 1970களின் இறுதியில் தெற்கு லண்டனில் கார்ஷல்டனிலிருந்த குழந்தைகள் வைத்தியசாலையில் தொடங்கியது. பின்னேரங்களில் தொண்டர்கள் வார்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு விளையாடுவார்கள்.

வார்டுக்கு வெளியிலும் இடங்கள் இருக்கின்றன. பார்னெட்டில் நோவாஸ் ஆர்க், வூட்ஃபோர்ட் கிரீனில் ஹேவன் ஹவுஸ் போன்ற, கடும் வருத்தமுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் சிறுவர் ஹொஸ்பிஸ்கள் தொண்டர்களில் பெரிதும் தங்கியிருக்கின்றன. வளர்ச்சி பிந்திய சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பழக்கும் போர்ட்டேஜ் சேவை பல உள்ளூராட்சிகளில் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குப் போகும் நேர்ஸ்மாரின் 'ஹெல்த் விசிட்டர்' குழுவில் 'கொமியூனிட்டி நேர்சரி நேர்ஸ்' என்றொரு சம்பள வேலையே இருக்கிறது: மூன்றாம் நிலைத் தகைமையோடு என்.எச்.எஸ். உள்ளே போகும் வழி. எங்கள் ஆட்களில் இந்த வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு.

650 பவுண் கதை

வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை 1973ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு முகவர் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அதனால்தான் இப்படியான ஆட்கள் 'வேலை' என்று சொல்லாமல் 'பிளேஸ்மென்ட்', 'பயிற்சி', 'நிர்வாகக் கட்டணம்' என்று பெயர் மாற்றுகிறார்கள். சட்ட நுணுக்கத்தை விடுங்கள். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ட்ரஸ்ட், அங்கே எனக்குப் பொறுப்பானவர் யார், என் கொலிஜோடு யார் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பார்? வைத்தியசாலை தன் பொறுப்பு அதிகாரி, காப்புறுதி, கொலிஜின் எழுத்துமூல உடன்பாடு எதுவுமில்லாமல் ஒரு மாணவியைப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் விடாது. அவர் தரும் சான்றிதழ் உங்கள் மதிப்பீட்டாளருக்கு ஒரு வெறும் கடதாசி. ஊரில் தெரிந்தவர், கோயிலில் காண்கிறவர் என்ற தாட்சண்யம் உங்களுக்கு இருக்கும். 'கொலிஜ் தங்களோடு கதைக்கச் சொல்லுது, விபரத்தைத் தாங்கோ' என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர் தொலைபேசி எடுக்க மாட்டார்.

கையில் காசு இருந்தால் அது குற்றப் பின்னணி பார்க்கும் டி.பி.எஸ். சோதனைக்குப் போகட்டும், முடிந்தால் அதுவும் கொலிஜின் காசாக இருக்கட்டும்.

கடதாசி அலுவல்கள்

வார்டோ நேர்சரியோ, சிறுவர் தடைப் பட்டியலும் (பிள்ளைகளோடு வேலை செய்யத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியல்) சேர்த்துப் பார்க்கும் விரிவான டி.பி.எஸ். சான்றிதழ் வேண்டும். அதை நீங்களாகவே விண்ணப்பிக்க முடியாது. கொலிஜோ பயிற்சி தரும் இடமோதான் செய்ய வேண்டும். 2024 டிசம்பரிலிருந்து கட்டணம் 49.50 பவுண். தொண்டர்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் படிப்புக்காகச் செய்யும் பயிற்சி அந்தச் சலுகைக்குள் வராது. தனியாக வைத்தியசாலைத் தொண்டராகப் போகும்போது அது இலவசம். சான்றிதழ் வந்து 30 நாளுக்குள் டி.பி.எஸ்.ஸின் 'அப்டேட் சேர்விஸ்' சேவையில் பதிந்துவிட்டால், அதே வகை வேலைக்கு இன்னோர் இடம் போகும்போது புதிதாக எடுக்கத் தேவைப்படாமல் போகலாம்.

எங்கள் ஆட்களுக்கு இதில் தாமதம் வருவது குற்றத்தால் அல்ல, பெயரால். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னுக்கு, கடவுச்சீட்டில் பின்னுக்கு, கலியாணத்துக்குப் பிறகு வங்கியில் கணவரின் பெயர், மின்சாரக் கட்டணத்தில் ஓர் எழுத்துக் குறைவு. பாவித்த எல்லாப் பெயர்களையும் எல்லா எழுத்துக்கூட்டலையும் விண்ணப்பத்தில் போடுங்கள். ஐந்து வருட விலாசங்களும் இடைவெளியில்லாமல் வேண்டும். மச்சான் வீட்டில் இருந்த அந்த இரண்டு மாதத்தையும் விட வேண்டாம். இலங்கைப் பொலிஸ் சான்றிதழைச் சில இடங்கள் கேட்கும். நீங்கள் வந்து ஆறு வருடமாகிவிட்டதால் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது தடுப்பூசி. சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசி இலங்கையில் 2011இல்தான் அட்டவணைக்கு வந்தது. நீங்கள் அதற்கு முந்திய பிள்ளை. உங்கள் குடும்ப வைத்தியரான ஜி.பி.யிடம் கேட்டால் இரண்டு தரமும் இலவசமாகப் போடுவார்கள், ஆனால் கர்ப்பமாக இருந்தால் போடக் கூடாது. மேற்கையில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள், வைத்தியசாலையில் கேட்பார்கள். கொப்புளிப்பான் (சின்னம்மை) வந்ததா என்றும் கேட்பார்கள். 'எல்லாருக்கும் சின்னனிலை வந்திருக்கும்தானே' என்று தலையாட்டிவிடாதீர்கள். எங்கள் மாதிரி வெப்ப நாடுகளில் வளர்ந்தவர்கள் பலருக்குச் சிறுவயதில் அது வருவதில்லை. நிச்சயமில்லை என்றால் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையிலிருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் பதில் முக்கியம்.

உங்கள் சின்னவரை யார் பார்ப்பது என்றும் எழுதியிருந்தீர்கள். உங்களைப் போல வளர்ந்த மாணவர்களுக்குக் கொலிஜில் மாணவர் உதவி நிதி இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து, பதிவு செய்யப்பட்ட பராமரிப்பாளரின் செலவுக்கும் பயணத்துக்கும் அதிலிருந்து தரலாம். கொலிஜின் மாணவர் சேவை மேசையில் கேளுங்கள். அந்த நிதி வருட நடுவில் முடிந்துவிடும், பிந்த வேண்டாம்.

உள்ளே போன பிறகு

தொண்டராக ஒரு நாள் வார்டுக்குப் போவீர்கள் என்ற நம்பிக்கையில் இதைச் சொல்கிறேன். முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது: வளையல், மணிக்கூடு, கோயில் நூல் எல்லாம் வீட்டில். கல்லில்லாத ஒரு கலியாண மோதிரத்தை விடுவார்கள். தாலிக்கொடியைப் பற்றி முதல் நாளே கேட்டுவிடுங்கள். உடுப்புக்குள் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும் இடமும் உண்டு, கழற்றச் சொல்லும் இடமும் உண்டு. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கொடி கிடைத்தால் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும்.

தமிழ்க் குடும்பம் ஒன்று வார்டில் இருந்தால் நேர்ஸ் உங்களைக் கூப்பிட்டு 'இதை அவர்களுக்குச் சொல்லுங்கோ' என்பார். 'சாப்பாடு எத்தனை மணிக்கு' என்ற அளவில் சரி. சத்திரசிகிச்சை, சம்மதம், மருந்து என்று வந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லி விலகுங்கள். ஒரு சொல் பிழைத்தாலும் பொறுப்பு உங்கள் தலையில். அந்தக் குடும்பத்தை இரண்டு கிழமை கழித்து ஒரு சாமத்தியவீட்டில் காண்பீர்கள். அவர்களாகத் தொடங்காமல் 'பிள்ளைக்கு இப்ப எப்பிடி?' என்று வாய் திறக்கக் கூடாது; நீங்கள் கேட்பதைப் பக்கத்துக் கதிரை கேட்கும். என்னோடு பயிற்சிக்கு வந்த ஒரு நல்ல பிள்ளை, தன் மச்சாளிடம் ஒரேயொரு வசனம் சொன்னதால் இடத்தை இழந்தது.

இன்னுமொன்று. கனூலா போடும்போது 'நோகாது, நோகாது' என்று சொல்வது எங்கள் பழக்கம். நானும் முதல் மாதம் அப்படித்தான் சொன்னேன். நாலு வயதுப் பெண் பிள்ளை, ஊசி குத்தியவுடன் நேர்ஸைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த நாள் நான் வர்ணத் தண்ணீரும் ஊசியில்லாத சிரிஞ்சும் கொண்டுபோய் படம் கீறலாம் என்று கூப்பிட, அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மூன்று நாள் ஆனது. அதற்குப் பிறகு நான் சொல்வது: 'கொஞ்சம் நோகும், நான் கையைப் பிடிச்சுக்கொண்டு மூண்டு வரை எண்ணுறன்.'

நேர்ஸா, விளையாட்டு நிபுணரா?

கடிதத்தின் தொடக்கத்தில் கரடிப் பொம்மைப் பெண்ணின் வேலை வேண்டும் என்கிறீர்கள். முடிவில் நேர்ஸாவது பற்றிப் பயப்படுகிறீர்கள். இரண்டும் இரண்டு பாதை.

குழந்தைகள் நேர்சிங் பட்டப்படிப்புக்கு முன்கூட்டியே வைத்தியசாலைப் பயிற்சி செய்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பட்டப்படிப்புக்குள்ளேயே 2,300 மணித்தியாலம் நடைமுறைப் பயிற்சி வரும், அதைப் பல்கலைக்கழகம் ஒழுங்குபடுத்தும். தகுதியுள்ள மாணவர்களுக்கு வருடத்துக்கு 5,000 பவுண் பயிற்சி உதவியும் உண்டு, திருப்பிக் கட்டத் தேவையில்லை. உங்களை மறிக்கக் கூடியது வேறு: பெரும்பாலான இடங்கள் ஆங்கிலத்திலும் கணிதத்திலும், இங்கே பாடசாலை முடிவில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையில் தரம் நான்கு அல்லது அதற்குச் சமமானது கேட்கும். உங்கள் டிப்ளோமாவை ஏற்கிறார்களா என்பதும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். 23 மின்னஞ்சலுக்குச் செலவழித்த நேரத்தில் பாதியை அந்தக் கணிதத்துக்குக் கொடுத்திருக்கலாமே என்று எனக்கு ஒரு ஆதங்கம்.

விளையாட்டு நிபுணராவதற்கு, குழந்தைப் பராமரிப்பில் மூன்றாம் நிலை போன்ற தகைமையும் பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவமும், அதற்கு மேல் இத்துறைக்கான 'ஃபவுண்டேஷன் டிகிரி' என்ற அடிப்படைப் பட்டமும் தேவை. இத்தொழிலுக்குத் தனிப் பதிவேடு வைத்திருக்கும் அறக்கட்டளை ஒன்றும் உண்டு. வேலை இடங்கள் நேர்சிங்கோடு பார்க்கும்போது குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் நீங்கள் போகவேண்டிய வழி இதுதான் என்று உங்கள் கடிதம் எனக்குச் சொல்கிறது. கரடியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியவர் நேர்சிங்கைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தொழிலே பிந்தி வந்தது. 1950கள் வரை லண்டனில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெற்றோரை உள்ளே விட்ட வைத்தியசாலைகள் இருந்தன. வைத்தியசாலையில் இருக்கும் பிள்ளைகளின் நலன் பற்றி 1959இல் வந்த பிளாட் அறிக்கைக்குப் பிறகுதான் தாய் பக்கத்தில் இருக்கலாம், பிள்ளைக்கு விளையாட்டும் வேண்டும் என்பது மெல்ல மெல்லக் கொள்கையானது.

அடுத்த மின்னஞ்சலில் மகனின் கதையோடு தொடங்காதீர்கள். எந்தக் கொலிஜ், எந்த நிலை, எத்தனை மணித்தியாலம், கிழமையில் எந்தெந்த நாட்கள், எப்போதிருந்து, டி.பி.எஸ். எந்தக் கட்டத்தில், முதலுதவி முடித்தாயிற்றா, கொலிஜில் தொடர்புகொள்ள யார். இவ்வளவும் ஆறு வரிக்குள். அதன் கீழே யாழ்ப்பாணத்து நான்கு வருடத்தைப் போடுங்கள். வயது, வகுப்பில் எத்தனை பிள்ளைகள், நீங்கள் தனியாகச் செய்தது என்ன என்று. அதை நீங்கள் எனக்கு எழுதும்போதுகூட ஒரு வசனத்தில் கடந்துவிட்டீர்கள். மகனின் கதையை நேர்முகத்துக்கு வைத்திருங்கள். 'ஏன் இந்த வேலை?' என்று கட்டாயம் கேட்பார்கள்.

பொம்மைகள் விஷயம்: கழுவியிருந்தாலும் பாவித்த துணிப் பொம்மைகளை வார்டில் வாங்க மாட்டார்கள், தொற்றுப் பயம். கொடுக்க ஆசையென்றால் துடைக்கக் கூடிய புதுச் சாமான், பெட்டி திறக்காமல். முதலில் வார்டின் விளையாட்டுக் குழுவுக்குத் தொலைபேசி எடுத்து என்ன குறைவாக இருக்கிறது என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வாங்க எல்லாரும் வருவார்கள். பதின்மூன்று வயதுப் பொடியனுக்கு ஒன்றும் இருக்காது. விளையாட ஒரு சீட்டுக்கட்டு வாங்கிக் கொடுங்கள்.